இருபத்து மூன்று வயதுக் கிழவர்

மேடையில் அவருக்குப் பெயர் மின்னல். வீட்டில் மின்கட்டணம் கட்ட மறந்த நாட்களில் மட்டும் மனைவி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

அறுபதைத் தாண்டிய அந்த ராக் கிடார் கலைஞர் மீது ஓர் இசை நிறுவனத்துக்குத் திடீரென்று மரியாதை பிறந்தது. இளமை, நடுவயது, இன்று என்று மூன்று காலத்துக் கச்சேரிப் பதிவுகளை ஒரே தொகுப்பாகப் போடுவதாக ஏற்பாடு. மின்னலுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியையும், ஆரம்ப நாளிலிருந்து தனக்கு டிரம்ஸ் அடிக்கும் மச்சானையும் அழைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்.

முதலில் இன்றைய பதிவு ஓடியது. ஒரு கடைத் திறப்பு விழாவில் வாசித்தது. மனைவி கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்தது நடுவயது, விளையாட்டு அரங்கம். புகை இயந்திரத்தின் இரைச்சல் பாதி, "சத்தம் பத்தல!" என்று இவர் கூட்டத்தை அதட்டியது மீதி. மனைவி அப்போதும் நிமிரவில்லை. பிறகு இருபத்து மூன்று வயதில் கல்லூரி அரங்கில் வாசித்தது கிளம்பியது. சுருதி அங்கங்கே பிசகியது. ஆனால் விரல்கள் பறந்த வேகத்தில் பிசகைக் கவனிக்க யாருக்கு நேரம்?

மனைவி நிமிர்ந்தார். "யாருங்க இந்தப் பையன்? பின்னிப் பெடல் எடுக்கிறான்!"

"நான்தான்."

"சும்மா கதை விடாதீங்க."

ஊரான் வாசிப்பைக் கேட்டுப் பொறாமைப்படுவது உலக வழக்கம். மின்னலுக்குத் தன் இளமை மீதே வயிறு எரிந்தது. மறுநாள் தனியாகக் கூடத்துக்குப் போனார்.

"அந்தப் பழைய பதிவுல ஏகப்பட்ட தப்பு. கிடாரை மட்டும் அழிச்சிடு. புதுசா வாசிக்கிறேன்."

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "சார், அது நேரடிப் பதிவு..."

"கைதட்டல் நேரடிதானே? போதும்."

வாசித்தார். இரண்டாவது வரியிலேயே டிரம்ஸ் முந்திக்கொண்டு ஓடியது.

"ஏன்யா டிரம்ஸ் இப்படிப் பறக்குது?"

"அன்னிக்கு நீங்களும் கூடவே பறந்தீங்க சார்."

கடைசியில் பாட்டு முழுவதையும் கணினியில் மெதுவாக்கினார்கள். கைதட்டல்கூட கொசு அடிப்பது போல நிதானமாக விழுந்தது. பழைய கிடாரைத் தடயமில்லாமல் அழிக்கும்வரை மின்னல் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தொகுப்பு வெளிவந்தது. ஒரு விமர்சகர் எழுதினார்: 'இருபத்து மூன்று வயதிலேயே இவருக்குக் கை தளர்ந்திருக்கிறது. நடுவயதில் சற்றுத் தேறியிருக்கிறார். கடைத் திறப்பு விழாவே இவரது உச்சம்.'

மச்சான் நேரில் வந்து குதித்தார். "என்னையும் சேர்த்துக் கிழவனாக்கிட்டீங்களே மாமா! அன்னிக்கு நான் அடிச்ச அடியில குச்சி உடைஞ்சுது. இதுல கேளுங்க, ராத்திரி யாரோ பயந்து பயந்து கதவைத் தட்டுற மாதிரி இருக்கு!"

அந்த வாரக் கடைசியில் ஓர் இசைக்கடையில் இருவரும் மேசை போட்டு உட்கார்ந்து தொகுப்பில் கையெழுத்துப் போட்டார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் கூச்சத்தோடு வந்தார்.

"அந்தக் காலேஜ் கச்சேரியில நான் முன் வரிசை சார். இதைவிட ரொம்ப வேகமா இருந்த மாதிரி ஞாபகம்..."

உண்மை மின்னலின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"ஞாபகம் அப்படித்தான் தம்பி. எல்லாத்தையும் பெரிசாக் காட்டும்."

"இருக்கும் சார். எனக்கும் வயசாயிடுச்சு" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்.

மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வாசலில் அந்த ஆளை எட்டிப் பிடித்து, "அண்ணே, உங்க ஞாபகம்தான் சரி. இந்த ஆளுதான் புளுகுறாரு" என்று சொன்னது மேசை வரை கேட்டது. அதற்குப் பிறகு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு கடை முழுவதும் கேட்டது.