பரிமளம் டீச்சர் உத்தனப்பள்ளிக்குப் போனது

சென்னைப் பத்திரிகை ஒன்று மூன்று நாள் தாமதமாக யாழ்ப்பாணத்து வாசிகசாலைக்கு வரும். அதில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் பரிமளகாந்தி மனுப் போட்டாள். ஓசூரில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை தேவை, குளிர்ச்சியான ஊர் என்று போட்டிருந்தது. ஓசூர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வேலை கிடைத்த பிறகுதான் வரைபடத்தை எடுத்துத் தேடினாள். சேலம் ஜில்லாவின் மேல் முனையில், மைசூர் ராஜ்யத்தை ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளி.

"வேற நாடு பிள்ளை," என்றார் அப்பா.

"வேற நாடெண்டாலும் தமிழ்தானே அப்பா," என்றாள் அவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் ஜூன் மாதம், கப்பல், ரயில், இன்னொரு ரயில், பெங்களூரிலிருந்து ஒரு பஸ் என்று மாறி மாறி வந்து ஓசூரில் இறங்கினாள். பஸ் நிலையத்தில் முதலில் காதில் விழுந்தது கன்னடம். கண்டக்டர் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை எடுக்க வந்த கூலிக்காரர் அவளிடம் மூன்று பாஷைகளில் விலாசம் கேட்டார். மூன்றாவதாக வந்தது தமிழ்.

தலைமையாசிரியர் ராமப்பன் அவளுக்காக நாராயணம்மா வீட்டில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். நாராயணம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் பட்டுப்பூச்சிப் பண்ணையில் மேஸ்திரி. வந்த அன்றைக்கே அந்தம்மா சூடாகக் காபி கொண்டுவந்து கொடுத்து, "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் பரிமளம்.

நாராயணம்மா பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டீச்சர் காபி குடிப்பதற்கு முன்னால் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். டீச்சரின் ஊரில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று அந்தம்மாவுக்கு விளங்க இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் தெருமுனையிலிருந்த லால் பாஷாவின் பெட்டிக்கடைக்குப் போய், "எனக்கு ரெண்டு பாண் தாங்கோ," என்றாள். லால் பாஷா ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரியாதையாக இரண்டு வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கும் சோம்பும் வைத்து மடித்து நீட்டினார்.

"இது இல்லை ஐயா. பாண். மா புளிக்க வைச்சு, போறணையில சுடுறது."

"அது ரொட்டிம்மா. ரொட்டின்னு கேளுங்க," என்றார் அவர். "இதயும் வெச்சுக்கங்க. குளுருக்கு நல்லது."

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எழுதினாள். வகுப்பில் நடந்ததைத்தான் எழுத முடியவில்லை.

நான்காம் பாரத்தில் முப்பத்தாறு பையன்கள், நான்கு பெண்கள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மிச்சம் தமிழும் உருதுவும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தமிழில் விளக்கினாள். அந்தத் தமிழுக்கே இன்னொருவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. "கதைக்காதீங்கோ" என்று பேச்சை நிறுத்தச் சொல்லி அவள் அதட்டினால், 'நாங்க எங்கே கதை சொன்னோம்?' என்பதுபோல் பார்த்தார்கள். "கெதியா எழுதுங்கோ" என்றால், வேகமாக எழுதச் சொல்கிறாள் என்று புரியாமல் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

நான்கு பெண்களில் சம்பங்கி என்றொருத்தி மட்டும் எதற்கும் சிரிப்பதில்லை. உத்தனப்பள்ளிக்காரி. உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆங்கில இலக்கணத்தில் யாருக்கும் வராத விடையை அவள் எழுந்து நின்று சரியாகச் சொன்னாள். பரிமளத்துக்கு வந்த சந்தோஷத்தில் பையன்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களோ? இந்தப் பெட்டை எவ்வளவு கெட்டிக்காரி!" என்றாள்.

கடைசி வரிசையில் ஒருவன் கிளுக்கென்று சிரித்தான். சம்பங்கி முகம் சிவக்க உட்கார்ந்தாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ராமப்பன் பரிமளத்தைத் தன் அறைக்கு அழைத்தார்.

"காலைல சம்பங்கியோட அப்பா சென்றாயன் வந்திருந்தாரு. பொண்ண இனி பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாராம். நீங்க அவளை என்னன்னு கூப்பிட்டீங்கம்மா?"

"கெட்டிக்காரி எண்டு சொன்னன்."

"அதுக்கு முன்னால?"

அவள் யோசித்தாள். "பெட்டை எண்டு…"

ராமப்பன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எங்க பக்கம் கோழி, நாய்க்குத்தாம்மா அப்படிச் சொல்றது."

பரிமளத்தின் ஊரில் பொடியன், பெட்டை என்றால் பையன், பெண் பிள்ளை, அவ்வளவுதான். நாற்பது பேர் முன்னால் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை என்ன சொல்லிவிட்டோம் என்று நினைக்க நினைக்கக் கண் கலங்கியது.

"நான் ஒரு கடுதாசி எழுதிப் பாக்கறேன்," என்றார் ராமப்பன்.

"வேண்டாம் சேர். நானே போறன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கினாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இருபுறமும் கேழ்வரகு முழங்கால் உயரம் நின்றது. சென்றாயன் வீட்டை விசாரித்தபோது, வழி சொன்னவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது.

சென்றாயன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். அவளைப் பார்த்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இருந்தாலும், வந்தவளுக்குக் கட்டிலைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றாள்.

"நான் படிக்காதவன்தான் டீச்சரம்மா. எம்பொண்ணு படிக்கட்டும்னுதான் அனுப்பினேன். தப்புப் பண்ணியிருந்தா அடிச்சிருந்தாக்கூட கேட்டிருக்க மாட்டேன். பசங்க முன்னால நாயிக்குச் சொல்ற பேச்சச் சொன்னா நான் எப்படித் தாங்கறது?"

"எங்கட ஊரில அது கெட்ட பேச்சு இல்லை ஐயா. பொம்பிளைப் பிள்ளைக்கு அதுதான் சொல். என்ர அம்மா என்னை இப்பவும் பெட்டை எண்டுதான் கூப்பிடுவா."

"பெத்த தாயா? உங்களயா?"

"ஓம்."

அவர் நம்புவதா வேண்டாமா என்று நின்றார். கதவோரம் சம்பங்கி பாதி முகம் தெரிய நின்றாள். அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் தாய் வெங்கடம்மாள், கையில் ஒட்டியிருந்த மாவோடு வெளியே வந்தாள்.

"இதுக்கா அஞ்சு நாளா வீடு இப்படி இருக்குது?" என்றாள் கணவனிடம். "பொண்ணு வந்து சொன்னப்ப நான் பிட்டன்னு சொன்னாங்கன்னுல்ல நெனச்சேன்."

"பிட்டன்னா?" என்றாள் பரிமளம்.

"எங்க தெலுங்குல குருவிங்க டீச்சரம்மா. இவளும் குருவி மாதிரிதான கெடக்கிறா, ஒடம்புல சதையே இல்லாம. டீச்சர் சரியாத்தான் சொல்லியிருக்காங்கன்னு நான் பாட்டுக்கு வேலையப் பாத்துட்டிருந்தேன்."

"அப்ப இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் சென்றாயன்.

"நீ எங்க கேட்ட? துண்ட ஒதறிப் போட்டுக்கிட்டு பஸ்ஸு ஏறிட்ட."

கதவோரத்தில் சம்பங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். சென்றாயன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் மாட்டைப் பார்த்தபோது அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"உக்காருங்க டீச்சரம்மா," என்றார். "சாப்பிட்டுத்தான் போகணும்."

உருண்டையாக, ஆவி பறக்கக் களி வந்தது. கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு. பரிமளம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அது பல்லிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு எங்கும் போகாமல் அடம்பிடித்தது.

"மெல்லக் கூடாதுங்க டீச்சர்," என்று சம்பங்கி அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள். "கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் கிள்ளி, குழிவாக்கி, குழம்பில் தோய்த்துக் காட்டினாள். இரண்டாவது முறை பரிமளத்துக்குப் புரைக்கேறியது. மூன்றாவது முறை உள்ளே போனது. வெங்கடம்மாள் இன்னொரு அரை உருண்டையைக் கேட்காமலே வைத்தாள்.

மத்தியானப் பஸ்ஸுக்கு சென்றாயனே வண்டி கட்டி ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் கடலைப் பற்றிக் கேட்டார். அவர் கடலைப் பார்த்ததில்லை. கப்பலில் ஏறினால் கால் நடுங்குமா, மறு கரை கண்ணுக்குத் தெரியுமா, நடுவில் மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கப்பலில் தான் வாந்தி எடுத்ததை அவள் சொன்னதும், அவருக்கு அவள்மேல் ஒரு நம்பிக்கை வந்தது போலிருந்தது. பஸ் வந்தபோது கண்டக்டரிடம், "நம்ம டீச்சரம்மா, பாத்து எறக்கி விடு," என்றார்.

திங்கட்கிழமை சம்பங்கி வந்தாள். பாடம் தொடங்குமுன் பரிமளம் வகுப்பின் முன் நின்று, "போன கிழமை நான் ஒரு பிழை விட்டுட்டன்," என்று தொடங்கினாள். பிறகு நிறுத்தி, "போன வாரம் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்று மெதுவாக மாற்றிச் சொன்னாள். அந்தச் சொல்லுக்குத் தன் ஊரில் என்ன அர்த்தம், அன்றைக்குத் தான் என்ன சொல்ல நினைத்தாள் என்பதை விளக்கினாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்காரன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதில ஏதாவது கேக்கோணுமோ?" என்றாள், பழையபடி.

சம்பங்கி எழுந்தாள்.

"டீச்சர், இங்கிலீஷ்ல 'டிட்'னு போட்டா அதுக்கு அப்புறம் 'வென்ட்'னு வரக்கூடாதுன்னீங்க. ரெண்டுமே நேத்து நடந்ததுதான? ஏன் வரக்கூடாது? வீட்டுல இருந்த நாளெல்லாம் யோசிச்சேன், தெரியல."

பரிமளம் சாக்கட்டியைக் கையில் எடுத்தாள். கேள்வி நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதில் தன்னிடம் இருக்கிறதா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. கரும்பலகையின் மேல் மூலையிலிருந்து எழுதத் தொடங்கினாள். மணி அடித்தபோது பாதிப் பலகைதான் நிறைந்திருந்தது.