மணலில் கொதித்த நெத்திலிக் குழம்பு

காரைக்கால் கடற்கரையில், அடுப்பும் விறகும் இல்லாமல், வெறும் மணலில் வைத்த பானையில் நெத்திலிக் குழம்பு கொதித்தது 1979ஆம் வருஷம் சித்திரை மாதத்தில். அந்த மாதம் நெத்திலி நிறையப் பட்டது, விலை இறங்கியிருந்தது, மாங்காயும் மலிவு. குழம்பு வைத்தவள் கோட்டுச்சேரிமேட்டுச் சகாயம்மாள். பார்த்தவர்கள் ஊரில் ஏராளமாக இருக்கிறார்கள். ஆகையால் நடந்ததா இல்லையா என்ற பேச்சு இங்கே வேண்டாம். ஏன் அப்படி நடக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஊருக்கே வெட்கக்கேடான விஷயம் அது.

சகாயம்மாளின் புருஷன் மரியசெல்வம் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவரும் மீனில், ஏலக்காரர்கள் ஒதுக்கிவிடும் பொடி மீனை அவள் சமைத்து விற்றாள். கடற்கரையில் அரசலாறு கலக்கும் பக்கமாக ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மண் அடுப்பு, இரண்டு பானை. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு, புழுங்கலரிசிச் சோறு, தொட்டுக்கொள்ளக் கருவாட்டுத் தொக்கு. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றில் கும்பிட்டுவிட்டு அலை பார்க்க வருகிறவர்கள் மீன் தொட மாட்டார்கள் என்பதால், அன்றைக்கு மட்டும் மீன் படாத பானையில் புளிச்சோறும் கத்திரிக்காய்க் கொத்சும் செய்வாள். சுரக்குடிக் குளத்துத் தாமரை இலையில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. நடவு வேலைக்காரர்கள் சாப்பிட்டார்கள், வாத்தியார்கள் சாப்பிட்டார்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி, கையைக் கடிக்காமல் நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், கண்டக்டர் கிழக்கே கையைக் காட்டுவார். "நேரா கடக்கரைக்குப் போங்க. பொகை வர்ற எடந்தான்."

பிறகு நீலக்கரை விடுதி வந்தது. சுற்றுலா வளர வேண்டும் என்று கட்டப்பட்டது. அதன் சாப்பாட்டுக் கூடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் திருஞானசம்பந்தம் என்கிற காண்டிராக்டர். வாசலுக்கு எதிரே மீன் துள்ளிக்கொண்டிருக்க, அவர் ஐஸ் பெட்டியில் வெளியூர் மீன் வரவழைத்தார். உள்ளே நாற்காலிக்கு வெள்ளை உறை, மேஜையில் பிளாஸ்டிக் பூ. தட்டில் வருவது ஆறிப்போன கட்லெட், சொதசொதவென்ற ரொட்டி, நாலு பேர் வயிறாரச் சாப்பிடுகிற காசுக்கு ஒரு ஆளுக்குக்கூடக் காணாத சோறு. விடுதியில் ரூம் எடுத்தவர்களே சாவியைக் கையில் பிடித்தபடி மணலில் நடந்து போய்ச் சகாயம்மாள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். நல்ல சாப்பாடு போட்டால் தன்னிடம் வருவார்களே என்று திருஞானசம்பந்தம் யோசிக்கவில்லை. புகையால் சுற்றுலாப் பயணிகளுக்கு இடைஞ்சல் என்று மனுக் கொடுத்தார்.

மரியசெல்வம் நேரே விடுதிக்குப் போய்க் கேட்டான். திருஞானசம்பந்தம் எழுந்திருக்கவில்லை.

"நாகரிகமானவங்க வர்ற எடம்ப்பா இது. ஒம் பொண்டாட்டி வைக்கிற கொழம்பு வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க."

"மூக்கப் பொத்திக்கிட்டா எப்புடிங்க எங்க கொட்டாய்க்கு வழி கண்டுபுடிச்சு வர்றாங்க?" என்றான் மரியசெல்வம்.

அதற்குப் பதில் உத்தரவாக வந்தது. கடற்கரையில் அடுப்பு மூட்டக் கூடாது. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் ஒரு மத்தியான வேளையில், பந்தி நடக்கும்போது வந்தார்கள். கீற்றைப் பிரித்தார்கள். முத்தையன் என்ற போலீஸ்காரர் பூட்ஸ் காலால் அடுப்பை உடைத்து, உடைந்த மண்ணைக்கூட மிச்சம் வைக்காமல் சாக்கில் அள்ளினார். குழம்புப் பானையைக் கவிழ்த்தார். சோற்றையும் மணலில் கொட்டினார்கள். சுரக்குடியிலிருந்து பிள்ளைத்தாய்ச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த லோகாம்பாள், மகளுக்கு முன்னால் இருந்த இலையை அவர்கள் இழுத்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வாயில வைக்கிற சோத்தப் புடுங்குறீங்களே, ஒங்க வீட்டுல அடுப்பு எரியலையா?"

இலை கிழிந்தது. கர்ப்பிணிப் பெண் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள். சகாயம்மாள் மணலில் கிடந்த சோற்றைக் காக்காய்க்கென்று ஒரு பக்கமாகக் கூட்டிவைத்துவிட்டு, வெறும் பானையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் மெஹர் பானு கூட நடந்தாள். மெஹர் பானு அதே கடற்கரையில் இடியாப்பம் விற்றவள்.

மறுநாள் காலை சகாயம்மாள் அங்கேயே வந்து உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பானையைக் கழுவ ஊற்றிய தண்ணீரோடு அடுப்பு இருந்த இடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முனகியது, பிறகு தளதளவென்று கொதித்தது. அவள் மணலைத் தொட்டுப் பார்த்தாள். விடியற்கால மணல் எப்படி இருக்குமோ அப்படிச் சில்லென்றுதான் இருந்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"பானு, செத்த பானையப் பாத்துக்க. வீட்டுக்குப் போயி மொளகாத்தூளும் புளியும் எடுத்தாந்துடுறேன்" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் குழம்பு எப்போதும் போல இருந்தது. புகை வாடை இல்லாததால் மாங்காய் வாசம் கொஞ்சம் தூக்கலாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பானையைத் தூக்கிப் பார்த்தார்கள், கீழே தோண்டினார்கள், தண்ணீர் ஊறுகிற ஆழம் வரை தோண்டினார்கள். பக்கத்தில் வைத்த பானை அவர்கள் தோண்டும்போதே கொதித்துக்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுத் திரும்பியிருக்கலாம். அதைச் செய்யாமல் அவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெரிய அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள்.

"அடுப்பு வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. அடுப்ப எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

"நீங்கதாங்க சாக்குல அள்ளிக்கிட்டு வந்தீங்க. இங்கதான் எங்கயாவது இருக்கும், பாருங்க."

அரசாங்க ஊழியரை எதிர்த்துப் பேசினதாகச் சொல்லி லாக்கப்பில் வைத்தார்கள். உழைத்துச் சாப்பாடு போட்டவளை, சாப்பாடு போட்டதற்காக. மரியசெல்வம் கடலுக்குப் போகாமல் ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்தான். அவனோடு குப்பத்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள். பெண்களை மெஹர் பானு திரட்டிக்கொண்டு வந்தாள். லோகாம்பாள் சுரக்குடியிலிருந்து ஒரு வண்டி ஆட்களோடு வந்து, "எங்களுக்குச் சோறு போட்டவள எங்களுக்குக் குடுங்க" என்று வாசலில் சத்தம் போட்டாள்.

இதற்கிடையில் திருஞானசம்பந்தம் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் இடத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, சூடு வருகிற மணல் தன் குத்தகைக்குள் அடக்கம் என்று பலகை மாட்டினார். பெரிய அண்டாவில் அரிசி களைந்து போட்டு வைத்தார். காஸ் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பார். அரிசி ஊறியது, புளித்தது, வேகவே இல்லை. ஆத்திரத்தில் அண்டாவை எட்டி உதைத்துக் காலைச் சுளுக்கிக்கொண்டார். கூடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்கிற மனநிலையில் அப்போது யாரும் இல்லை.

லாக்கப்பில் வேறொன்று நடந்தது. காவலுக்கு நின்ற முத்தையன், வீட்டிலிருந்து வந்த பழையதைத் தூக்குச் சட்டியோடு கம்பிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு ரிஜிஸ்டர் எழுதப் போனார். திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது. பழையது பொங்கிய கஞ்சியாகி இருந்தது. மூடியைத் தரையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சகாயம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சூடா இருக்கையிலயே சாப்புடுங்க" என்றாள், திரும்பாமல்.

முத்தையன் சாப்பிடவில்லை. சட்டியைக் கம்பிக்குள்ளே நகர்த்தினார். அவள் தொடவில்லை. கஞ்சி ஆறாமல் அப்படியே இருந்தது. வாசலில் கூட்டம் பெருகிப் பஸ் போக வழியில்லாமல் ஆனபோது அவளை விட்டுவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எச்சரித்து அனுப்புவதாகச் சொன்னார்கள். எதற்கான எச்சரிக்கை என்று மரியசெல்வம் கேட்டான்.

கம்பிவேலியைக் குப்பத்துக்காரர்களே பிடுங்கிப் போட்டார்கள். சகாயம்மாள் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. காண்டிராக்டர் கால் பட்ட மண் வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அங்கேயும் கொதித்தது. மெஹர் பானு தன் இடியாப்பச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், அதுவும் வெந்தது. பிறகு குப்பத்து அமுதம் வந்தாள், கமலாம்பாள் வந்தாள், எல்லார் சட்டியும் பொங்கியது.

முத்தையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டி சட்டையில் வந்து ஓரமாக நின்றார். சகாயம்மாள் பார்த்தாள். கரண்டி கையில் நின்றது.

"சாப்புடத்தான் வந்தேன்மா" என்றார். "வேற எதுக்கும் இல்ல."

"அன்னிக்கு ஒருத்தி எச்சக்கையோட உக்காந்திருந்தாளே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அப்ப நில்லுங்க. எல்லாரும் சாப்புட்டு எந்திரிச்சப்பறம் போடுறேன்."

வெயிலில் நின்றார். பந்தி முடிய வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவர் போய்விடுவார் என்று அவள் நினைத்தாள், போகவில்லை. கடைசியில் பானையைச் சாய்த்து அடியில் இருந்ததை வழித்து ஊற்றினாள். நெத்திலி தேறியது, மாங்காய் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவளுக்குக் கோபம் அன்றைக்குத் தீரவில்லை. பல வருஷம் அவர் கடைசிப் பந்தியிலேயே உட்கார்ந்தார். ஒரு நாள் அவளே கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரவைத்தாள். 

விடுதிச் சாப்பாட்டுக் கூடம் எண்பத்து மூன்றில் மூடப்பட்டது. திருஞானசம்பந்தம் வேறு ஊரில் வேறு குத்தகை எடுத்தார். அப்படிப்பட்டவர்களுக்குக் குத்தகை கிடைக்காமல் போவதில்லை. உத்தரவை யாரும் ரத்துச் செய்யவில்லை, கடற்கரையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது எண்பதுகள் முழுக்க அமலில் இருந்தது. யாரும் மூட்டவும் இல்லை. மணலில் வரிசையாகப் பானைகள் கொதித்தன, சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எண்பத்தெட்டில் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்து சாப்பிட்டுவிட்டு, கைகழுவும்போது பானைகளுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"ரசம் இருக்கு, ஊத்தவாங்க?" என்றாள் சகாயம்மாள்.

அவர் மறுபடியும் இலை முன்னால் போய் உட்கார்ந்தார்.