மூன்றாவது பிளக்கின் மரை

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பு. டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா. அவன் அடிவாரத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், மாடியில் வீடு. எந்த வண்டியை விட்டாலும் "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கோங்க" என்பான். எந்த மாதத்து ஆறு மணி என்று சொல்ல மாட்டான். அதனால் ஊரில் அவனுக்கு ஆறுமணி என்றே பேர்.

அவளுடைய கார் இரண்டே சீட் உள்ளது. மடக்கினால் பின்னால் ஒடுங்கிக்கொள்ளும் துணிக்கூரை, தரையோடு தரையாக உயரம். ஸ்போர்ட்ஸ் கார் என்று பேர்தான் பெரிது, டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்வருவதுதான் அதன் விளையாட்டெல்லாம். இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஐயாயிரத்துக்கு ஒரு முறை தானே படுத்து உருண்டு ஆயில் மாற்றி, அந்த இன்ஜினைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாள். ஒரே தொல்லை மலைப்பாதை. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினால் வண்டிக்கு மூச்சு வாங்கும். பன்னிரண்டாவது வளைவில் ஒரு தடவை முந்தப் போய், எதிரே பஸ் வந்து, பாதியில் பின்வாங்கினாள்.

"டர்போ மாட்டிடலாம் பாப்பா" என்றான் அண்ணன். "வெளிய போற புகையே ஒரு விசிறியச் சுத்திவிடும். அது இன்ஜினுக்குள்ள கூடுதல் காத்தத் தள்ளும். அதே இன்ஜின்தான், தெம்பு மட்டும் ஒன்றரை மடங்கு."

"இவ்வளவு ஓடின இன்ஜின் தாங்குமா?"

"அத வாயால சொல்லக்கூடாது. மீட்டர் சொல்லணும்."

இந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் அவள் சொல்வதும் இதைத்தான்.

ஒரு சனிக்கிழமை இன்ஜினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார்கள். பிளக்கைத் தானே கழற்றுவேன் என்று அவள் அடம்பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்று வருஷம் முன்னால் அவசரத்தில் மூன்றாவது பிளக்கைக் கோணலாகத் திருகி, பிளக் குழிக்குள் இருக்கும் திருகு மரையைத் தின்னவிட்டிருந்தாள். அண்ணனுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் ஓட்டுவான். அதனால் பக்கத்து ஊர் லேத்துப் பட்டறைக்குப் போய், குழிக்குள் எஃகுச் சுருள் ஒன்று வைத்துப் புது மரை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் குழியில் பிளக் முக்கால் சுற்றுக்கு முரண்டு பிடித்துவிட்டுத்தான் இறங்கும். அது அவள் கைக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

மீட்டர் நூற்றெழுபத்திரண்டு, நூற்றெழுபது, நூற்றெழுபத்தொன்று, நூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது. புது இன்ஜினுக்குச் சமம் என்று அண்ணன் விசிலடித்தான். பாப்பா ஆஸ்பத்திரி லேபிள் ஒன்றில் நான்கு எண்களையும் தேதியையும் எழுதி, பானட்டின் உள்பக்கம் ஒட்டினாள்.

"டர்போ தள்ளுற காத்துக்கு ஆறு பவுண்டுதான் அழுத்தம் வைக்கணும். ஒரு பவுண்டு கூட ஏறக்கூடாது. எனக்கு ரேஸ் வேணாம், லாரிய முந்தினாப் போதும்."

"உன் மேல சத்தியம். ஆறு."

பத்து நாள் என்றவன் ஒரு மாதம் இழுத்தான். போன் செய்தால் அண்ணிதான் எடுப்பாள். "பார்ட்ஸ் வரலம்மா. அவரும் தூங்காம வேலை பாக்குறாரு." பாவம், எனக்காக இப்படி உழைக்கிறானே என்று இந்தப் பைத்தியக்காரி பஸ்ஸில் நின்றபடியே அண்ணனுக்காக உருகிக்கொண்டிருந்தாள். வண்டி தயாரான அன்று ஸ்வீட் பாக்ஸோடு போய் நின்றாள். பானட்டைத் திறந்தால் அவளே சிவப்பு பெயின்ட் அடித்த இன்ஜின் மூடி பளபளவென்று அப்படியே இருந்தது. பக்கத்தில் புதுசாக டர்போ உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் ஏற்றத்தில் மிதித்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது வளைவு தாண்டி லாரியை முந்திவிட்டு, மேலே போய்ச் சேர்ந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, நீ தெய்வம்" என்றாள். "பாத்துப் போ பாப்பா" என்று மட்டும் வந்தது. கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்பது நாள் அப்படியே ஓடியது. டர்போ மாட்டினால் கொஞ்சம் ஓடியபின் பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே எரிவது சரியா இல்லையா என்று அது சொல்லிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி, காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கழற்றினாள். முதல் பிளக் சரி, இரண்டாவதில் கொஞ்சம் எண்ணெய்க் கறுப்பு. மூன்றாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது.

முரண்டு இல்லை. டார்ச்சை அடித்துக் குழிக்குள் பார்த்தாள். சுருளும் இல்லை. இன்ஜின் பிறந்தபோது இருந்த மரை அப்படியே இருந்தது.

பிளக் குழிகள் இருக்கும் மேல்பாகத்தை மட்டும் மாற்றியிருப்பானோ, சொல்ல மறந்திருப்பானோ என்று அந்த நேரத்திலும் அண்ணனுக்காக வக்கீல் வேலை பார்த்தது மனசு. உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துவந்தாள். வண்டிக்கடியில் படுத்து, இன்ஜினின் கீழ்ப்பாகத்தில் அடித்திருந்த நம்பரைத் துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஓர் எண் கூடப் பொருந்தவில்லை. அவளுடைய சிவப்பு மூடியை மட்டும் வேறு இன்ஜினுக்கு மாட்டியிருந்தான். எழுந்தபோது பானட்டில் அவள் கையெழுத்திலேயே அந்த லேபிள் சிரித்தது. ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவர் ரத்தத்துக்கு ஒட்டுவது அவள் தொழிலில் மன்னிக்கவே முடியாத குற்றம். சின்ன வயதிலிருந்து அவள் கையைப் பிடித்து ரோடு தாண்டியவன் அதை அவளுக்கே செய்திருந்தான்.

பிளக்குகளை மாட்டி, மிதிக்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அண்ணனும் அண்ணியும் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் இன்ஜின் எங்க அண்ணா?"

"என்ன பாப்பா, வண்டியிலதானே..."

"மூணாவது குழியில சுருள் வச்சுருந்தேன். இதுல இல்ல. நம்பரும் வேற."

"சுருளா?" அவன் முகம் வெளுத்துப்போனது. "எப்ப வச்ச? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேலி பண்ணுவேன்னு வெக்கப்பட்டு மறைச்சேன். நீ எதுக்கு மறைச்ச?"

அவன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் வாயைத் திறந்தாள். "வேணும்னு செய்யலம்மா. நல்லா இழுக்குதேன்னு ஆசையா பைபாஸ்ல ஒரு ரவுண்டு போனோம். பன்னெண்டு பவுண்டு வச்சுப் பாத்தாரு. டப்புன்னு ஒரு சத்தம்."

போனோம். அப்படியென்றால் பக்கத்து சீட்டில் அண்ணி. அவளுடைய இன்ஜினைப் போட்டு உடைத்தபோது இரண்டு பேரும் கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கியிருக்கிறார்கள். பிறகு ஒரு மாதம் போனில் பார்ட்ஸ் வரவில்லை, பார்ட்ஸ் வரவில்லை என்று காது குத்தியிருக்கிறார்கள். ஸ்வீட்டையும் வாங்கித் தின்றிருக்கிறார்கள்.

மூலையில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது அவளுடைய இன்ஜின். பாயை விலக்கினாள். பிஸ்டன் ஒன்றில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த மேல்பாகத்தில், மூன்றாவது குழியில் எஃகுச் சுருள் பளிச்சென்று இருந்தது. அவன் ஒரு தடவை கூடப் பார்த்திருக்கவில்லை.

"இப்ப என் வண்டியில இருக்கறது எங்க எடுத்தது?"

"பழைய இரும்புக்கடையில. நல்ல இன்ஜின்னுதான் சொன்னான்."

"டெஸ்ட் பண்ணியா?"

அவளே சுவரிலிருந்து மீட்டரை எடுத்தாள், நான்கு பிளக்கையும் திரும்பக் கழற்றினாள். ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். நூற்று முப்பது, தொண்ணூற்றாறு, நூற்றிருபத்தெட்டு, நூற்றுப் பதினெட்டு. டர்போவின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாத இன்ஜின். இதை நம்பித்தான் எதிரே பஸ் வருகிற பாதையில் முப்பத்தொன்பது நாள் லாரிகளை முந்தியிருந்தாள்.

"மாட்றதுக்கு முன்னாடி ஏன்ணா பாக்கல? மீட்டர் கைக்கெட்டுற தூரத்துலதானே தொங்குது?"

"பாத்திருந்தா..." அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "பாத்திருந்தா, மாட்ட மனசு வந்திருக்காது பாப்பா."

அடிபட்ட மாதிரி நின்றாள். இன்ஜின் உடைந்ததைக் கூட அவளால் விழுங்கியிருக்க முடியும், உடைவது இரும்பின் சுபாவம். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு மாட்டினான் பாருங்கள், அதுதான் தொண்டைக்குள் இறங்கவில்லை. அழக் கூடாது என்று நினைத்தாள். அழுகை வந்தது.

"உன்னை நம்பி ஏறினேன்ணா. வண்டிய நம்பி இல்ல."

"புதுசா நல்லதா ஒண்ணு பாத்துத் தரேன். பத்து நாள்ல..."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திருகி இறுக்கி, வயரை மாட்டி, பானட்டை அறைந்து மூடினாள். சாவியைப் போட்டதும் வண்டி ஒன்றும் தெரியாததுபோல் உறுமியது. பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுண்ணா. மலை வரைக்கும் போயிட்டு வருவோம். பன்னெண்டாவது வளைவுல லாரிய முந்திக் காட்றேன்."

அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் கீழே வைத்திருந்த மீட்டரைப் பார்த்தான், காலியாக இருந்த சீட்டைப் பார்த்தான். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தான், திரும்பவும் துடைத்தான்.

"வேணாம் பாப்பா" என்றான். "அது... போகாது."

"நீங்க வரீங்களா அண்ணி?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாப்பா இன்ஜினை நிறுத்தினாள். சாவியை சீட்டிலேயே போட்டுவிட்டுக் கைப்பையையும் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவ?" என்று பின்னாலிருந்து கேட்டான் அண்ணன்.

முப்பத்தொன்பது நாளில் அவன் கேட்காத கேள்வி. அவள் திரும்பவில்லை.