ஜமீன்தாரின் பத்தாம் நாள்

பன்னிரண்டு எலிகளில் ஜமீன்தார்தான் மக்கு என்று ஆய்வுக்கூடமே முடிவு கட்டியிருந்தது. எலிகளைப் பழக்கும் உதவியாளர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் நடக்கிற நடைக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்!

பாடம் சின்னதுதான். காலையில் எல்லா எலிக்கும் ஒரே ஊசி. சில நாள் வலி மருந்து, சில நாள் வெறும் உப்புத்தண்ணீர். பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விடுவாள். உள்ளே இரண்டு விசைகள். மருந்து நாளில் இடது விசையை அழுத்தினால்தான் தீனி விழும், உப்புத்தண்ணீர் நாளில் வலது. முதல் பத்து அழுத்துக்குத் தீனி கிடையாது. அந்தப் பத்தும் சரியான பக்கம் விழுந்தால்தான் அன்றைக்கு மார்க். என்ன ஊசி என்று எலிக்கு யார் சொல்வார்கள்? தன் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்று அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளில் எட்டு நாள் சரியாக வராத எலியை முடித்துவிடுவார்கள். விதி அப்படி.

ஒன்பது நாள் ஆயிற்று. மற்ற பதினொன்றும் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஜமீன்தார் ஏழு.

தினமும் முதலில் போகிறவன் அவன்தான், கூண்டு கதவோரம் இருந்ததால். பத்தாம் நாள், மருந்து ஊசி போட்டதுமே அவள் மார்க் ஏட்டோடு உட்கார்ந்திருந்த ஆய்வுக்கூடத் தலைவியிடம் போனாள்.

"மேடம், இன்னைக்கு இவனைக் கடைசியா விடட்டுமா? பாக்கவே தைரியம் இல்ல."

"எப்ப விட்டாலும் அதே மார்க்குதான். சரி, விடு."

முதலில் போனது, அவள் ஃபர்ஸ்ட் ரேங்க் என்று கூப்பிடும் எலி. தவறே செய்யாத பதினொன்றில் ஒன்று. அது இரண்டு விசையையும் மோந்தது, முழித்தது, மறுபடி மோந்தது. கடைசியில் வலது பக்கம் போய்ப் பத்துத் தடவை அழுத்தியது.

"ஊசி மாறிப்போச்சா?" என்று மேடம் எழுந்து வந்தார்.

"இல்ல மேடம், நானே போட்டேன். ஆனா பாருங்க, மோந்து மோந்து பாக்குது. பெட்டியை நாம சாயங்காலம்தானே தொடைக்கிறோம்? முன்னாடி போன எலி தீனி தின்ன விசையில அதோட வாசனை இருக்கும்ல? ஜமீன்தார் தப்பு பண்ண நாள்லயும் கடைசியில சரியான விசையிலதானே தின்னான்!"

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவிங்களா! ஒன்பது நாளும் காப்பியடிச்சிருக்குங்க!"

அதன்பின் ஒவ்வொரு எலிக்கும் முன்னால் விசைகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். குட்டு வெளிப்பட்டது. ஒன்று இடது, ஒன்று வலது, கண்ணைக் கட்டி விட்டதுபோல.

பாவம் ஜமீன்தார், அவனுக்கு மட்டும்தான் காப்பியடிக்க முன்னால் ஆள் இல்லை. தப்பும் தவறுமாக அவனாகவே படித்திருக்கிறான். ஆனால் இன்றைக்குத் தவறினால் ஏழோடு கதை முடிந்தது.

துடைத்துவிட்டு அவனை உள்ளே விட்டாள். அவன் எதையும் மோந்து பார்க்கவில்லை. நட்டநடுவில் உட்கார்ந்தான். கண் பாதி மூடியது, மீசை நின்றது. தன் ரத்தத்துக்குள் எதையோ காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி இருந்தான். நானூறு கிராம் உடம்பு தன்னையே உள்ளே திரும்பிப் பார்ப்பதை அவள் கண்ணெதிரே கண்டாள். மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

அவன் எழுந்து இடது பக்கம் நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று... பத்தும் இடது. பதினொன்றாவதுக்குத் தீனி விழுந்தது.

அவள் ஏட்டில் ஜமீன்தாருக்கு எதிரே எட்டு என்று எழுதினாள்.

மேடம் பதினொரு எலிகளின் மார்க்கையும் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். "இவங்கள்லாம் நாளைக்கு முதல் நாள்லேர்ந்து வரட்டும். உள்ள என்ன இருக்குன்னு இவன் ஒருத்தன்தான் நமக்குச் சொல்லியிருக்கான்." திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். "ஏம்மா அழுற? சந்தோஷமா, பயமா, என்ன?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியல மேடம்," என்றாள் அவள்.