திம்மப்பாவின் பெயரில் உடைத்த தேங்காய்

கமலாட்சியின் பசு பதினாலு மாதம் தரையில் கால் பதிக்காமல் நடந்தது. குளம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஆடு இரண்டும் கோழி ஐந்தும்கூட அப்படித்தான். அந்த வருடம் பாக்கு விலை இறங்கிக் கிடந்ததால் ஹொசகொப்பத்தில் இதைப் பேச யாருக்கும் அதிகம் நேரமில்லை. பால் சங்கத்தில் மட்டும் பாலை இரண்டு முறை சோதித்தார்கள். கொழுப்பு சரியாக இருக்கவே ஊற்றிக்கொண்டார்கள்.

தப்பு கமலாட்சியுடையதுதான். ஒன்றரை ஏக்கரும் ஓட்டுவீடும் வாங்க வேண்டும், மாடு வளர்க்க வேண்டும் என்று சிவமொக்காவில் முப்பது வருடம் பஸ் ஓட்டிக்கொண்டே ஆசைப்பட்டவர் அவள் புருஷன். பத்திரம் பதிந்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கிடையாது. அவள் தனியாக வந்து இறங்கினாள். அந்தப் பக்கத்தில் புது நிலத்துக்கு வருகிறவர்கள் நிலத்து மூலையில் காவலிருக்கும் சௌடம்மன் கல்லுக்குத் தேங்காய் உடைத்து, இனி இங்கே பாடுபடப்போகிறவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வாயால் உச்சரிக்காத புருஷன் பெயரை, கேட்க ஆளில்லாத தைரியத்தில், "திம்மப்பா" என்று சொன்னாள் கமலாட்சி. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

நிலம் திம்மப்பாவுக்குக் காத்திருந்தது. அவள் ஓட்டிவந்த ஜீவன்களை அது ஏற்கவில்லை. அவளை மட்டும் விருந்தாளியைத் தாங்குவதுபோலத் தாங்கியது. ஆனால் சாயங்காலமானால் படலிலிருந்து கொட்டில்வரை மண்ணில் காலடிகள் வந்தன. ஆளில்லை, காலடி மட்டும். இடது கால் கொஞ்சம் கோணல், கிளட்ச் மிதித்தே கோணிப்போன கால். கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசல் பெஞ்சுக்கு வரும், பலகை முனகும். கமலாட்சி இரண்டு டம்ளர் காபி வைப்பாள். பகலெல்லாம் ஒரு வார்த்தை பேச ஆளில்லாதவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் வாழ்க்கை.

"ஏன்டி, போய் உன் பேரைச் சொல்லிட்டு வா. ரெண்டு நிமிஷ வேலை. மாடு என்ன பலூனா?" என்றாள் பக்கத்துத் தோட்டத்து லலிதக்கா.

"சொல்லிட்டா அப்புறம் அவரு வரமாட்டாரு அக்கா."

லலிதக்கா ஈரமண்ணிலிருந்த கோணல் காலடியைப் பார்த்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பசு கன்று போட்டது. கன்று காற்றில் பிறந்தது. நிற்பதற்குத் தரை கிடைக்காமல் நாலு காலாலும் துழாவித் துழாவி, மடியைத் தாண்டி, கூரையைப் பார்க்க ஏறியது. கமலாட்சி அதன் காலில் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து, சங்கில் பால் புகட்டினாள். குடித்ததைவிட ஒழுகியதே அதிகம். மூன்றாம் நாள் கன்றின் கண் உள்ளே போய்விட்டது.

அன்று சாயங்காலம் பெஞ்சுப் பலகை முனகியதும், டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருந்த சர்க்கரையை இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போட்டு அவர் பக்கத்து டம்ளரை வைத்தாள். "கன்னுக்குட்டி செத்துடும் போலருக்குங்க. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள். காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கல்லண்டை போய்த் தேங்காய் உடைத்தாள். "கமலாட்சி" என்று உரக்கச் சொன்னாள்.

பசு தொம்மென்று இறங்கிய சத்தம் லலிதக்கா வீடுவரை கேட்டது. கன்று முட்டி போட்டு, விழுந்து, எழுந்து, மடியைப் பிடித்துக்கொண்டது. கமலாட்சி சிரித்தாள். திரும்பி வந்தால் பெஞ்சு காலி. மறுநாளும் காலடி வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மழை பெய்கிற சத்தத்தில் வாய்விட்டு அழுதாள்.

புள்ளிக்கோழி மட்டும் இறங்கவில்லை. சாயங்காலமானால் அது பெஞ்சுக்குப் போய், பலகைக்கு ஒரு சாண் மேலே, ஒரு மனுஷன் மடி இருக்கிற உயரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். கமலாட்சி டம்ளர்களோடு வந்து மறு ஓரத்தில் உட்காருவாள். லலிதக்கா வந்தால் அந்தப் பெஞ்சில் உட்காருவதில்லை. உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.