நல்ல டிரைவர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம்

1

இந்தக் கதை எனக்கு ஏசி போட்ட பிச்சை. வீட்டு வரி ரசீதில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயரையும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரையும் அடித்துவிட்டார்கள். அரசாங்கக் காகிதப்படி நான் என் அப்பாவுக்கு அப்பா. அதைத் திருத்த நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே ஒரு கூடத்தின் பாதி திறந்த கதவிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

டாக்சி பெர்மிட்டுகளின் எண்ணிக்கைக்கு இருக்கும் வரம்பை எடுத்துவிடலாமா, கூடாதா என்று கருத்துக் கேட்கும் கூட்டம் அது. எனக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்தர் வந்ததும் எழுந்துவிடுவது என்றிருந்தேன். ஆனால் தன் முறை முடிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண், யாரும் கூப்பிடாமல் மறுபடி எழுந்து நின்றாள். அவள் பேசியதைக் கேட்ட பிறகு ரசீது எனக்கு மறந்துவிட்டது.

அவள் ஏன் எழுந்தாள் என்று கண்டுபிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் கண்ணால் பார்த்தது அந்தக் கூடமும், பிறகு வெளியே ஒரு சிக்னலும்தான். வீடு, சமையலறை, வாய்ச்சண்டை எல்லாம் நான் கட்டியவை. எதிர்த்தரப்பில் இருந்தவள் இவளை “அண்ணி” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. ஒரு வீடு கட்ட அந்த ஒரு சொல் போதாதா?

2

எங்கே தொடங்குவது?

‘டாக்சி ஸ்டாண்டில் அன்று காலை கூட்டம் வழக்கத்தைவிட —’

வேண்டாம். டாக்சிக் கதை என்றால் ஸ்டாண்டில்தான் தொடங்க வேண்டுமா?

‘ஒரு தொழிலுக்குள் நுழைய அரசு விதிக்கும் வரம்பு என்பது ஒருபுறம் பாதுகாப்பு என்றாலும் மறுபுறம் —’

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

(ஆனாலும் விஷயம் தெரியாமல் உங்களை உள்ளே இழுத்துப் போவது நியாயமில்லை. அடைப்புக்குள் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டும் லைசென்ஸ் வேறு, டாக்சி பெர்மிட் வேறு. லைசென்ஸ் ஓட்டத் தெரிந்த எவருக்கும் கிடைக்கும். பெர்மிட் ஊருக்கு இத்தனைதான். வேண்டுமென்றால் பெயர் கொடுத்து வரிசையில் காத்திருக்கலாம். அல்லது தொழிலை விடுகிறவரிடம் சொன்ன விலைக்கு வாங்கலாம். வரம்பை எடுத்தால் தகுதியுள்ள எல்லோருக்கும் பெர்மிட். மழையில் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குத் தவம் கிடக்கிறவருக்கு அது நல்லது. இருப்பதையெல்லாம் விற்று பெர்மிட் வாங்கியவருக்கோ தலையில் இடி. இரண்டுமே உண்மை என்பதுதான் தொல்லை. அடைப்பை மூடுகிறேன்.)

சமையலறையில் தொடங்குகிறேன்.

3

அண்ணி தோசைக்கல்லைத் துடைத்து அடுப்பில் வைத்தாள் —

(தோசை வேண்டாம். என்ன சமைத்தாள் என்பதிலா இருக்கிறது கதை? அடுப்பில் ஏதோ இருந்தது, அது தீய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு போதும்.)

அண்ணியிடம் பெர்மிட் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்ட நகையும், கணவன் பங்குக்கு வந்த காலி மனையும் அந்த ஒற்றைக் காகிதமாக மாறியிருந்தன. வண்டியை அவளே ஓட்டினாள். கணவனுக்கு டயர் கடையில் வேலை. அவனுடைய தங்கை மாடியறையில் இருந்தாள். வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள் என்பதால் ஸ்டாண்டில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டிக்கொண்டு, டாக்சி பெர்மிட் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த வரிசை நகர்ந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

முந்தின வருஷம் அண்ணிக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, படுத்த படுக்கையானாள். அவளுக்கென்று வாடிக்கைகள் உண்டு: பள்ளிக்கூடப் பிள்ளைகள், டயாலிசிஸுக்குப் போகும் ஒரு பெரியவர். வண்டி நின்றுபோனால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். “சாவியைக் குடுங்க அண்ணி” என்றாள் பட்டாசு. அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேன் வேலை போக மிச்ச நேரமெல்லாம், அண்ணி எழுந்து நடக்கும்வரை, பட்டாசு அந்த டாக்சியை ஓட்டினாள்.

அது சட்டப்படி குற்றம். பெர்மிட்டில் பதிவாகாதவர் ஓட்டினால், ஓட்டியவர் பெயர் வரிசையிலிருந்து அடிபடும். தெரிந்தே சாவி கொடுத்தவரின் பெர்மிட்டும் தப்பாது. ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. இடுப்பு யாருக்கு வேண்டுமானாலும் பிடிக்கும் அல்லவா?

4

கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்த அன்றே வீடு இரண்டாகப் பிரிந்தது. முதல் வரைவில் அண்ணியையும் நாத்தனாரையும் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட வைத்திருந்தேன். என் மனைவி படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் போட்டாள்.

“ரெண்டு பொம்பளைங்கன்னா குழாயடிச் சண்டைதானா உங்களுக்கு? நெஜமாவே கோவம் வந்தா யாராவது கத்துவாங்களா? மரியாதை கூடிடும்.”

அவள் சொன்னது சரி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மரியாதையை நானும் அனுபவித்திருக்கிறேன். திருத்தி எழுதினேன்.

வீட்டில் மரியாதை கூடியது. அதுவரை பட்டாசிடம் “ஏய், குழம்பு எங்கடி?” என்று கேட்ட அண்ணி, கணவனைப் பார்த்து, “உங்க தங்கச்சி சாப்பிட்டாச்சான்னு கேளுங்க” என்றாள். தங்கை அதே அறையில் நின்றபடி, “சாப்பிட்டாச்சுன்னு சொல்லுண்ணா. ரொம்ப நன்றின்னும் சொல்லு” என்றாள். நடுவில் கணவன் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

“வரம்பு இருந்தா ஒனக்கென்ன, எடுத்தா ஒனக்கென்ன? ஒரே வீட்லதானே இருக்கீங்க!” என்று ஒருநாள் வெடித்தான்.

“ஒரே வீடுதான் அண்ணா. ஒரே பெர்மிட் இல்லையே” என்றாள் தங்கை.

அண்ணி பதிலுக்கு ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

5

கூட்டத்துக்கு முந்தின நாள் டாக்சி உரிமையாளர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் கூடத்தில் நான் பார்த்த மனிதர் அப்படி இல்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு, பயந்துபோயிருந்தார். அவரும் எதையோ விற்றுத்தான் பெர்மிட் வாங்கியிருப்பார்.

“வரம்பை எடுத்தா யாரு வேணும்னாலும் உள்ள பூந்துடுவாங்கம்மா. இப்பவே சட்டத்தை மதிக்காத ஆளுங்கதான் வரிசைல நிக்கறாங்கன்னு நாம காட்டணும். உங்க நாத்தனார் உங்க வண்டிய ஓட்டுனது ஊருக்கே தெரியும். ‘எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனா’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அவ பேரு வரிசைலேர்ந்து போயிடுமே?”

“வரம்பு போச்சுன்னா வரிசையே இருக்காதேம்மா. உங்க பெர்மிட்டுக்கும் வெல இருக்காது.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் அண்ணி.

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. உடனே ‘வெளியே போங்க’ என்று சொல்லியிருந்தால் எழுதவும் சுகமாக இருந்திருக்கும். அப்படியும் எழுதிப் பார்த்தேன். அவள் மரப்பொம்மை ஆகிவிட்டாள். நகையையும் மனையையும் போட்டவள் ஒரு ராத்திரியாவது யோசிக்காமல் இருப்பாளா? யோசிக்கட்டும்.)

அவர் போனதும் கணவன் வந்து நின்றான். “என்ன பண்ணப் போற?”

“உங்க சட்டையை அயர்ன் பண்ணப் போறேன்” என்றாள்.

6

இனி நான் பார்த்தது.

பெர்மிட் உள்ளவர்கள் முதலில் பேசினார்கள். அண்ணி எழுதி வந்ததைப் படித்தாள். திடுமென்று வரம்பை எடுத்தால் முதலைப் போட்டவர்கள் தெருவுக்கு வருவார்கள். வண்டிகள் பெருகினால் சவாரி குறையும். சவாரி குறைந்தால் ராப்பகலாக ஓட்டித் தூக்கக் கலக்கத்தில் மோதுவார்கள். தெளிவாகச் சொன்னாள். நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செயலாளர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து வரிசையில் காத்திருப்பவர்கள். பட்டாசு வந்தாள், மைக் தேவைப்படாத குரல்.

“வரம்பை எடுத்தா நஷ்டம் வரும்னு இப்பப் பேசினவங்க சொன்னாங்க. நெஜம்தான். வரும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா வாசலைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கறவங்களுக்கே எடம் பத்தலன்னா, வெளிய நிக்கறவங்க எங்க போறது? எங்களுக்கு ஓட்டத் தெரியும். ஓட்ட விடுங்க. சரியா ஓட்டலன்னா பிடுங்கிக்கோங்க.”

கருத்துக் கேட்கும் குழுவின் தலைவர் ஒரு பெண்மணி. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: “டாக்சி ஓட்டின அனுபவம் இருக்கா உங்களுக்கு?”

பட்டாசு வாயைத் திறந்தாள், மூடினாள். ஒருதரம் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு, “இல்ல மேடம்” என்றாள்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. “ஓட்டுனதே இல்லியாம், பெர்மிட் மட்டும் வேணுமாம்!” என்றார் யாரோ. அவள் மைக்கின் அருகே, மைக் தேவைப்படாத அதே பெண், குரலே இல்லாமல் நின்றாள். முன்வரிசையில் செயலாளர் காகிதத்தோடு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்துவிட்டதே, இனி அவருக்கு வேறு என்ன வேண்டும்?

அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள்.

“ஓட்டியிருக்கா. என் வண்டிய ஓட்டியிருக்கா. இடுப்பு போய் நான் படுத்துக் கெடந்தப்போ நான்தான் சாவி குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

“அண்ணி, உக்காருங்க!” என்றாள் பட்டாசு.

“நீ சும்மா இரு. மேடம், டயாலிசிஸுக்குப் போற பெரியவர் ஒருத்தர் இருக்காரு. நான் எழுந்து வந்தப்பறம், ‘அந்தப் பொண்ணையே அனுப்பேன்’னு கேட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா அவரு சொன்னது சரி. அவ என்னைவிட நல்லா ஓட்டுவா.”

செயலாளர் பாதி எழுந்தவர், எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

தலைவர் பேனாவைக் கையில் எடுத்தார். “நீங்க சொன்னதை நான் பதிவு பண்ணித்தான் ஆகணும். புரியுதா?”

“பண்ணிக்கோங்க மேடம்.”

“அப்போ வரம்பை எடுத்துடலாம்னு சொல்றீங்களா?”

“ஐயோ, இல்ல மேடம்!” பதறிவிட்டாள். “எடுக்கக் கூடாது. கெட்ட டிரைவருங்க வந்துடுவாங்கன்னு எங்க சங்கத்துல சொல்றாங்க. எனக்கு அந்த பயம் இல்ல. நல்ல டிரைவருங்க வந்துடுவாங்கன்னுதான் எனக்கு பயம். இவள மாதிரி பத்துப் பேர் வந்தா என்னைத் தேடி யாரு வருவா? எல்லாத்தையும் வித்துட்டு நிக்கறேன். எனக்கு ஒரு வழி சொல்லிட்டு அப்பறம் எடுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வரம்பைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். எழுதியவர்களுக்கெல்லாம் அந்தந்தப் பக்கத்து நியாயம் தலைகீழ்ப் பாடம். தன் பக்கத்து நியாயத்தை இப்படித் துணி விலக்கி, ‘பயமாக இருக்கிறது’ என்று சபையில் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

7

ஏன் எழுந்தாள்?

செயலாளரை முந்திக்கொள்ள என்று முதலில் எழுதினேன். அது சாமர்த்தியம். அவள் முகத்தில் அந்த நிமிஷம் சாமர்த்தியம் இல்லை. பாசம் என்று எழுதினேன். இருக்கலாம், ஆனால் பாசக்காரர்கள் கடைசியில் ‘எடுத்துடுங்க மேடம்’ என்று விட்டுக்கொடுத்திருப்பார்கள். இவள் விட்டுக்கொடுக்கவில்லையே.

எனக்கு இப்போது தோன்றுவது இது. அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. ‘இல்ல மேடம்’ என்ற அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று அந்தக் கூடத்தில் யாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தனக்காக ஒருத்தி முட்டாளாகி நிற்க, அதை வைத்துத் தான் ஜெயிப்பதா? சண்டை என்றால் நேருக்கு நேர். முதுகில் குத்திக் காப்பாற்றுகிற வரம்பு வேண்டாம் என்று இருந்திருக்கும்.

(தப்பாகவும் இருக்கலாம். நான் கடைசி வரிசையில் இருந்தேன்.)

8

முடிவு ஒன்று. வரம்பு நீக்கப்பட்டது. பட்டாசு சொந்த வண்டி எடுத்தாள். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே சவாரிக்கு இருவரும் வந்து நிற்க, அண்ணி —

முடிவு இரண்டு. வரம்பு நின்றது. பதிவான வாக்குமூலத்தால் அண்ணியின் பெர்மிட்டும் போயிற்று, பட்டாசின் பெயரும் வரிசையிலிருந்து —

முடிவு மூன்று. இதை ஆராய ஒரு குழு, அந்தக் குழுவை ஆராய இன்னொரு குழு. உண்மையில் இதுதான் நடக்கும் என்பதால் கதையில் வைக்க முடியாது.

எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. குழு என்ன முடிவெடுத்தது என்று நான் விசாரிக்கவும் இல்லை, வேண்டுமென்றேதான். எப்படி முடிந்தாலும் இருவரில் ஒருத்திக்கு வலிக்கும். அந்த வலியை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, கொடுத்த கையோடு என்ன மருந்து தடவுவது என்று தலைவர் நாற்காலியில் இருந்தபடி நீங்கள் சொல்லுங்கள். பேனா மேஜையில் இருக்கிறது.

நான் கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரசீதைத் திருத்தாமலே வெளியே வந்தேன். முக்கில் சிவப்பு சிக்னலில் அந்த டாக்சி நின்றது. அண்ணி ஓட்டும் இடத்தில், பக்கத்தில் பட்டாசு. கண்ணாடிகள் இறங்கியிருந்தன. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்பது என் மரியாதை, கத்தினார்கள். “உங்கள யாரு எழுந்திருக்கச் சொன்னது?” என்று ஒரு குரல். “ஒன்ன யாருடி பொய் சொல்லச் சொன்னது?” என்று மறு குரல். பிறகு வரம்பு, வாசல், சவாரி, பெர்மிட் என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வீட்டில் அத்தனை நாள் கூடியிருந்த மரியாதையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அண்ணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து எடுத்து வாதாடினாள். பட்டாசு டாஷ்போர்டைத் தட்டித் தட்டி மறுத்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இரண்டு பேரும் கவனிக்கவே இல்லை.