யானைத் துப்பாக்கியின் உதை

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டது. மலாக்காவின் காஜா பேராங் பகுதியில், சாப்பாடு முடிந்த பிறகு, ஒருவர் கைப்பேசியில் காணொளி ஒன்றைக் காட்டினார். விவரம் தெரியாத ஓர் ஆளிடம் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள். சுடுகிறான், மல்லாக்க விழுகிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள்.

2

‘1956. துப்பாக்கி ஓசை மலாக்கா வானத்தைக் கிழித்துக்கொண்டு—’

(அந்த வரியை அடித்துவிட்டேன். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாசாமிக்குத்தான் காறையெலும்பு உடைந்தது.)

மறுபடியும் தொடங்குகிறேன். காஜா பேராங்கில் குடியிருந்த கலியாணசுந்தரத்துக்குப் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரர்களின் துப்பாக்கி கிளப்பில் வேலை. துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுவார். சுடத் தெரியும், சுட அனுமதியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புல் வெட்ட ஆள் கேட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அப்பாசாமியை அவர்தான் கூட்டிப்போனார். அப்பாசாமி ஆற்றங்கரைக் கிடங்கில் அரிசி மூட்டை சுமப்பவர். அந்தத் தோள்தான் வீட்டுக்குச் சோறு போட்டது.

பதினோரு மணிக்கு, பீர் உள்ளே போன தெம்பில், ஒரு துரை (பெயர் வைக்க மாட்டேன், அந்த மரியாதைகூட அவனுக்கு வேண்டாம்) யானை சுடும் துப்பாக்கியை அப்பாசாமியிடம் நீட்டினான்.

“சும்மா சுடு. ஒண்ணும் ஆவாது,” என்றான், ரப்பர் தோட்டத்தில் கற்ற தமிழில்.

3

கதையை நிறுத்திவிட்டு இதைச் சொல்லியாக வேண்டும். பெரிய துப்பாக்கி குண்டை முன்னால் தள்ளும்போதே, தோளில் வைக்கும் கட்டையைப் பின்னால் உதைக்கும். பயந்தவன் கட்டையைத் தோளிலிருந்து தள்ளிப் பிடிப்பான். தப்பு அங்கேதான். அந்த இடைவெளியில் வேகம் பிடித்து வந்து எலும்பில் இடிக்கும். காறையெலும்புக்குக் கீழே இருக்கும் குழியில் கட்டையை இறுக்க வேண்டும். இடது காலை முன்வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து நிற்க வேண்டும். உதை வரும்போது விறைக்காமல் உடம்பு முழுவதிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லிக் கொடுக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அப்பாசாமி கட்டையைத் தள்ளிப் பிடித்திருப்பதைக் கலியாணசுந்தரம் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தார். துரை அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். அவரும் வாயை மூடிக்கொண்டார்.

வெடித்தது. அப்பாசாமி விழுந்தார். துரையும் கூட இருந்தவன்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்கள்.

4

“நீங்க அங்கதான நின்னீங்க?” என்று கேட்டாள் கலியாணசுந்தரத்தின் மனைவி ருக்மணி.

“வேல போயிரும் ருக்கு.”

“அவருக்கு மட்டும் போவலாமா? மூட்ட தூக்குன கை, இப்ப சோத்துக்குக்கூட மேல வரல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்லா.”

“பயந்துட்டேன்.”

“அத அஞ்சலைகிட்ட போய்ச் சொல்லுங்க.”

அஞ்சலை, அப்பாசாமியின் மனைவி. கலியாணசுந்தரம் அவள் வாசல்வரை போனார். சொல்லாமலே திரும்பினார்.

(இந்த ஆளை நல்லவனாக்க மூன்று முறை முயன்றேன். ‘அவருக்கும் குடும்பம் இருக்கிறதே, பாவம், அவர் என்ன—’ வேண்டாம். எனக்கு இரக்கம் வரவில்லை.)

5

1957 ஆகஸ்டு. மலாயாவின் சுதந்திரத்துக்கு இரண்டு வாரம். அதே துரை ஊருக்குக் கப்பலேறப் போகிறான். கடைசியாக ஒரு வேடிக்கை வேண்டுமாம். ஐஸ் கட்டி கொண்டுவந்த சுப்பையனைக் கூப்பிட்டு அதே துப்பாக்கியைக் கொடுக்கிறான்.

ஒரு முடிவு: கலியாணசுந்தரம் அதைப் பிடுங்கித் துரையின் பக்கம் திருப்புகிறார். எழுத இனித்தது. ஆனால் மலாயாவில் அப்போது அவசரகாலச் சட்டம், அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தினாலே தூக்கு; அடுத்த பக்கத்தில் அவரைத் தூக்கில் போட வேண்டிவரும்.

இன்னொன்று: அவரே வாங்கிச் சரியாகச் சுட்டு, விழாமல் நிற்கிறார். துரைகள் கைதட்டுகிறார்கள். தூ. அந்தக் கைதட்டலுக்கா இவ்வளவு எழுதினேன்?

கொடி மாறியதும் எல்லாம் மாறியது என்றும் ஒன்று எழுதிப் பார்த்தேன். அதை நீங்களே நம்பமாட்டீர்கள்.

இப்போது கட்டை சுப்பையனின் தோளில் படாமல் நிற்கிறது. விரல் விசைக்குப் போய்விட்டது. கலியாணசுந்தரம் வாயைத் திறந்திருக்கிறார், சத்தம் வரவில்லை. அந்த வாய்க்குள் சொற்களைத் திணிப்பது எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் போன வருஷம் பயந்தவருக்கு இந்த வருஷம் எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும். அவருக்காகக் காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.